தொண்ணூற்றொன்றாம் பக்கம்

என் சிவப்புச் சீட்டை ஜனவரியிலேயே வீணாக்கிவிட்டேன். அது மட்டும் கையில் இருந்திருந்தால் அந்த மே மாதம் நான் அப்படி நாய்படாத பாடு பட்டிருக்க மாட்டேன்.

எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், டேபிள் டென்னிஸ் மேஜையை மடக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்காருவோம். மாதம் ஒரு புத்தகம். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு சட்டம் உண்டு. அவரவர் முன்மொழியும் புத்தகத்தை வியாழக்கிழமை இருட்டுவதற்குள் அறை அலமாரியில் வைத்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். சனிக்கிழமை, கொண்டுவந்தவர் எழுந்து நின்று இரண்டு பக்கம் வாசிக்க வேண்டும். ஆகா ஓகோ என்று புகழக் கூடாது, வாசிப்பு மட்டும்தான். பிறகு கை தூக்கி ஓட்டு. இதற்கு மேல் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சிவப்புச் சீட்டு. அதை மேஜையில் வைத்தால் அந்தப் புத்தகம் அவுட். ஏன் என்று ஒருவரும் கேட்க முடியாது. சீட்டு தீர்ந்துபோனவர் எதிர்க்க வேண்டுமானால் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் ஒரு பணக்காரர் ஏழைகளோடு முப்பது நாள் தங்கி எழுதிய புத்தகம் வந்தது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் சீட்டை மேஜையில் அறைந்தேன். “அம்மாடி, என்ன சூடு!” என்றார் பல் டாக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புத்தி இருந்தால் சேர்த்து வைத்திருப்பேன்.

நான் அந்தக் கட்டடத்தில் வீடு வாங்கியவள் இல்லை. தரைத்தளத்தில் மீட்டர் அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் ஒற்றை அறையில் அம்மாவோடு இருப்பவள். கட்டடத்தைப் பராமரிப்பது அம்மாவின் வேலை. முப்பத்தாறு வீடுகளின் மாற்றுச் சாவியும் அவளிடம்தான் இருக்கும். ஊருக்குப் போனவர்கள் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குழாய் ஒழுகினால் ஆளை உள்ளே விட்டுக் கூடவே நிற்பது, பூனைக்குச் சாப்பாடு வைப்பது எல்லாம் அவள்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. எல்லாருக்கும் சாவியக்கா. ஒரு குண்டூசி காணாமல் போனது என்று இதுவரை ஒரு வீட்டிலும் பேச்சு வந்ததில்லை. அந்த நம்பிக்கைதான் அவள் வேலை. வேலையோடு சேர்ந்ததுதான் நாங்கள் இருக்கும் அறை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். நுழைந்து, முடித்து, இப்போது ஒரு கூரியர் கம்பெனியின் புகார் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க யார் யாரோ காதில் கத்துவார்கள், நான் “புரிகிறது சார்” என்பேன். வாரம் முழுக்க விழுங்கியதைச் சனிக்கிழமை புத்தகங்கள் மேல் துப்புவேன். என்னைக் குழுவில் சேர்த்தது இருபத்திரண்டாம் நம்பர் வங்கி மேடம், ஓய்வுபெற்ற மேனேஜர். “நம்ம சாவியக்கா பொண்ணு டிகிரி முடிச்சிருக்கா, தெரியுமா?” என்று தொட்டிச்செடி பூத்த சேதி மாதிரி எல்லாரிடமும் சொல்லி அழைத்துப்போனார். கெட்டவர் இல்லை. அதனாலேயே அவர்மேல் ஒழுங்காகக் கோபப்பட வராது.

அந்தப் புதன்கிழமை அலமாரியில் மேடத்தின் புத்தகம் இருந்தது. அவருடைய அக்கா எழுதிய வாழ்க்கை நினைவுகள். அக்கா வேறு ஊரில் குழந்தைகள் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். உள்ளே மேடம் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தார்: “தேர்வானால் கடைசி வாரக் கூட்டத்துக்கு எழுதியவரே வருவார்.” தாள் இருந்த இடத்தில் புத்தகம் தானாக விரிந்தது. தொண்ணூற்றொன்றாம் பக்கம்.

‘என் பையன்களைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வந்தாள். வலது மணிக்கட்டில் வளையல்போலச் சுற்றி ஒரு தீத்தழும்பு. அதைத் தவிர அவள் உடம்பில் ஆபரணம் கிடையாது! எதைக் கேட்டாலும் “அதனால என்ன குறைஞ்சா போச்சு?” என்பாள். குறைந்துதான் போயிற்று. கம்பெனிக்காரர்கள் எனக்கு இலவசமாகத் தந்துவிட்டுப் போகும் பால்பவுடர் டின்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நானும் என் கணவரும் துப்பறியத் தொடங்கினோம். மழைக்கான அறிகுறியே இல்லாத ஒரு நாள், அவள் குடையோடு கிளம்பினாள். “கொடும்மா பார்க்கலாம்” என்று வாங்கி விரித்தேன். டமால் என்று விழுந்தது டின். அவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, ஒலிம்பிக்கில் ஓடியிருந்தால் நாட்டுக்கு ஒரு பதக்கம் கிடைத்திருக்கும். வீட்டில் அவளுக்கு ஏழு மாதக் குழந்தை இருந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.’

அந்த ஏழு மாதம் நான்தான்.

டாக்டர் வீட்டில் வேலை பார்த்ததாக அம்மா எப்போதோ சொன்னதுண்டு. ஏன் விட்டாள் என்று சொன்னதில்லை. தழும்பு இஸ்திரிப் பெட்டியால் வந்தது, அது தெரியும். ‘குறைஞ்சா போச்சு’ என்பதை இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் சத்தத்தைவிட அதிகமாகக் கேட்கலாம். அந்த டாக்டர் இந்த அறைக்கு வந்து உட்காருவார். நாற்காலி போட அம்மா வருவாள். அப்புறம் முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் அவரவர் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்கள்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பரம்பரைத் தொழில் என்று அடுத்த பதிப்பில் எழுதுவார்கள். வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். தெரிந்தால் இடிந்துபோவாள். என் முடிவுதான், யாரையும் கேட்கவில்லை.

நேரே பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். கடைசி நோயாளி போய், கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“வலியா?” என்றார்.

“இல்ல டாக்டர். உங்க சிவப்புச் சீட்டு இன்னும் இருக்குல்ல?”

“இருக்கு. உன்னை மாதிரி ஜனவரியிலயே வெடி வெடிச்சிடல.”

“மேடம் புத்தகத்துக்கு அதைப் போடுங்க.”

அவர் கையுறையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன்?”

“காரணம் கேக்கக் கூடாதுங்கறதுதானே சட்டம்?”

“அது உன் சீட்டுக்கு. என் சீட்டைக் கேட்டு வந்தா நான் கேப்பேன்.”

“போர் அடிக்கும் டாக்டர்.”

“போர் அடிக்கறதுக்கெல்லாம் சீட்டு போட்டிருந்தா நாம இதுவரைக்கும் ஒரு புத்தகம் படிச்சிருக்க மாட்டோம். மேடத்துக்கும் உனக்கும் ஏதாவது சண்டையா?”

“இல்ல.”

“முகத்தைப் பாத்தா கடைவாய்ப்பல் புடுங்க வந்தவ மாதிரி இருக்கே.” அவர் பேச்சை மாற்றினார். “இங்க பாரு. நீ கொண்டு வர்றதெல்லாம் கடைசியில யாராவது செத்துத்தான் முடியுது. ஒரு தடவை சிரிக்கற மாதிரி ஒண்ணு கொண்டு வா. ரெண்டு கையும் தூக்கறேன்.”

வியாழக்கிழமை மதியம் வேலைக்கு நடுவே ஓடி, பழைய புத்தகக் கடையில் ஒரு நகைச்சுவை நாவல் வாங்கினேன். தன் சொந்த வீட்டுக்கே மாறுவேஷத்தில் வாடகைக்கு வந்து, சாவி இல்லாமல் வெளியே மாட்டிக்கொள்ளும் ஒரு கஞ்சனின் கதை. வேறு சமயமாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். இப்போது அலுவலகக் கழிப்பறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கஞ்சனுக்கு ஒரு குரல், பெண்டாட்டிக்கு ஒரு குரல் என்று பழகினேன். பக்கத்துக் கதவிலிருந்து “உடம்பு சரியில்லையா?” என்று ஒருத்தி கேட்டாள். இருட்டுவதற்குள் புத்தகத்தை அலமாரியில் சேர்த்துவிட்டேன்.

வீட்டில் அம்மா இரண்டு தடவை கேட்டாள், “என்னடி, மூஞ்சி ஒரு முழம் நீண்டிருக்கு?” வேலை அதிகம் என்றேன்.

சனிக்கிழமை அம்மாதான் அறையைத் திறந்து, ஏழு நாற்காலியை வட்டமாகப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டுப் போனாள். மேடம் முதலில் எழுந்தார். கண்ணாடியை மாட்டினார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வேறு ஏதாவது பக்கமாக இருந்துவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் நன்றாக வாசிப்பார், அதுதான் கொடுமை. ஆபரணம் வந்த இடத்தில் முதல் சிரிப்பு. குடை வந்தபோது கணக்கு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். “எங்க வீட்டுல ஒருத்தி ஷாம்பூ எடுத்துட்டுப் போவா!” என்றாள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பதியில் மனைவி. தழும்பு என்ற சொல் வந்தபோதே நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்தத் தழும்புக் கை கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவர்களுக்கு நாற்காலி போட்டது. தினமும் அவர்களிடம் சாவியை நீட்டுவது அந்தக் கைதான். ஒருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. உயிர் வந்தது எனக்கு. அதே மூச்சில் எல்லார் தலையிலும் நாற்காலியைத் தூக்கிப் போடலாம்போலவும் இருந்தது. மூன்று வருஷமாக அந்தக் கையிடம் வாங்குகிறீர்கள், அது எப்படி இருக்கும் என்றுகூடப் பார்க்கவில்லையா?

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். சத்தமாகவே சிரித்தேன்.

“குறைஞ்சா போச்சு...” கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே.”

“எல்லா அம்மாவும் சொல்றதுதானே டீச்சர்” என்றேன்.

“அதுவும் சரிதான்.”

அந்த மாதம் இரண்டே புத்தகங்கள்தான். அடுத்தது என் முறை. கஞ்சனாக இருமினேன். பெண்டாட்டியாகச் சிணுங்கினேன். ஜன்னல் வழியாக உள்ளே இறங்கப்போய் இடுப்பு மாட்டிக்கொண்ட இடத்தில், கூச்சத்தை விட்டு நடித்தே காட்டினேன். “இவளுக்கு யாரோ மருந்து வச்சுட்டாங்க” என்று பல் டாக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் இத்தனை வருஷம் வெறுத்த வேலை, நாலு பேரைக் குஷிப்படுத்துவது. அது எனக்கு நன்றாகவே வருகிறது என்று தெரிந்தபோது வாய் கசந்தது.

ஓட்டு. டீச்சர்தான் எண்ணுவார். “மேடம் புத்தகத்துக்கு?”

மேடம், டீச்சர், கம்ப்யூட்டர்க் கணவன். மூன்று. நாலாவதாகத் தபால் ஐயாவின் கை எழுந்தது. எழுந்து பாதியில் நின்றது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தோள்பட்டை வலிக்காரர், எதற்கும் அவர் கை காதுக்கு மேல் போகாது. நாலு என்றால் முடிந்தது.

“ஐயா, அது ஓட்டா, இல்ல காது சொறியறீங்களா?” என்றார் டீச்சர்.

ஐயா நிதானமாக யோசித்தார். தன் கையையே திரும்பிப் பார்த்தார். “காதுதாம்மா” என்றார்.

“இவ புத்தகத்துக்கு?”

நான், பல் டாக்டர், கம்ப்யூட்டர் மனைவி. கணவன் அவளை முறைத்தான். “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்றாள் அவள். அப்புறம் தபால் ஐயாவின் பாதிக் கை. “இது ஓட்டு” என்று அவரே சொன்னார்.

நாலுக்கு மூன்று. ஜெயித்துவிட்டேன்.

மேடத்துக்கு வருத்தமே இல்லை. “பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம். அக்கா எப்படியும் அடுத்த வாரம் வர்றா, ஒரு மாசம் என்கூடத்தான். எல்லாரும் டீக்கு வாங்க, நேர்லயே கதை கேக்கலாம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீதான் ரொம்ப ரசிச்சுச் சிரிச்ச. இந்தா, வச்சுக்க” என்று புத்தகத்தை என் கையில் வைத்தார்.

இருமியது, சிணுங்கியது, இடுப்பு மாட்டியது எல்லாம் வெட்டி வேலை.

அறைக்கு வந்தபோது அம்மா டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் சாவிப் பலகை. நான் புத்தகத்தைக் கட்டில்மேல் போட்டேன். “அம்மா, மேடத்தோட அக்கா வர்றாங்க. அவங்க...”

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அவங்க யாருன்னு தெரியும். மேடம் வீட்டு ஹால்ல அக்காவும் தங்கச்சியும் நிக்கற போட்டோ மாட்டியிருக்கு. மூணு வருஷமா செடிக்குத் தண்ணி ஊத்தப் போறப்பல்லாம் நான்தானே தூசி தட்டறேன். துடைக்கற கண்ணாடிக்குள்ள யார் இருக்காங்கன்னு தெரியாதா?”

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“நீ சொன்னியா? நாலு நாளா உர்ருனு திரிஞ்ச. யாரையோ லவ் பண்றியோன்னு நெனச்சு நான் தூங்கவே இல்ல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். ஜனவரிச் சீட்டு, பல் டாக்டர், கஞ்சன், ஓட்டு எல்லாம். அம்மா டார்ச்சை அழுத்திப் பார்த்து அணைத்தாள். “என்ன எழுதியிருக்காங்க? படி.”

படித்தேன். ஒலிம்பிக் வந்ததும் தாண்டினேன்.

“எதையோ முழுங்கற. முழுசாப் படி.”

படித்தேன். அம்மா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

“ஓடினேன்னா எழுதியிருக்கு?”

“ஆமா.”

“நான் ஓடல.” குரல் உயரவில்லை. “எடுத்தது நெசம். நாலு டின். ஒண்ணு மாட்டுச்சு, மூணு மாட்டல. எனக்குப் பால் வத்திப்போச்சு, உனக்கு வேணும், எடுத்தேன். அது திருட்டுத்தான், அதுக்கு வேற பேர் வைக்க வேண்டாம். ஆனா நான் ஓடல. கீழ விழுந்த டின்னை எடுத்து மேஜை மேல வச்சேன். குடையை மடிச்சேன். செருப்பு மாட்டிக்கிட்டு நடந்துதான் வந்தேன். கேட் வரைக்கும் அவங்க பாத்துக்கிட்டு நின்னாங்க.”

“அந்தம்மாவுக்கு நான் எழுதறேன், இப்பவே. புத்தகம் போட்டவங்களுக்கும்...”

“நீ உக்காரு. எழுதறாளாம்.” பலகையிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய வளையத்தில் கோத்தாள். “நான் மேல போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

“அம்மா, வேண்டாம். சாவி போயிடும். இந்த அறையும் போயிடும்.”

“போகலாம். அவங்க வந்து படிக்கட்டுல என்னைப் பாத்து, ‘ஐயோ இவளா’ன்னு சொல்லிப் போறதுக்கு, நானே சொல்லிப் போகட்டும். புத்தகத்தை எடுத்துக்க.”

இருபத்திரண்டாம் நம்பர் வாசலில், அந்த வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, அம்மா மணி அடித்தாள். மேடம் சிரித்த முகமாகத் திறந்தார். “வாங்க சாவியக்கா. என்ன, பொண்ணோட?”

“மேடம், உங்க அக்கா புத்தகத்துல டின் எடுத்த பொம்பளை நான்தான்.”

மேடம் என்னைப் பார்த்தார். இன்று சாயங்காலம் நான் சிரித்த சிரிப்பை அவர் நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு முதல்முறையாக அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தார்.

“ஒண்ணு இல்ல, நாலு” என்றாள் அம்மா. “அது இருபத்திமூணு வருஷத்துக்கு முந்தி. உங்க வீட்டுல இதுவரைக்கும் ஒரு தீக்குச்சி எடுத்ததில்ல. ஓடினேன்னு எழுதியிருக்காங்க, ஓடல. அக்கா வந்தா இதைச் சொல்லுங்க, நானும் சொல்றேன். சாவி வேணும்னா இப்பவே எடுத்துக்கலாம்.”

மேடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “அது... எனக்கு ஒண்ணும் இல்ல. அக்கா வர்ற நேரம், அவ மனசுக்கு...” என்றார். சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

அம்மா வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அதில் வைத்தாள். வளையம் இறுக்கமானது, நகம் மடங்கியது, நிதானமாகத்தான் கழற்றினாள். கதவு மூடியது. உள்ளே பூட்டு இரண்டு சுற்று திரும்பியது எங்களுக்குக் கேட்டது.

நான் அந்தக் கதவைக் குத்தப்போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒண்ணு போச்சு” என்றாள். “அவங்க போன் போட்டு எல்லாருக்கும் சொல்லி முடிக்கறதுக்குள்ள நாம போயிடணும். பக்கத்தை எடுத்து வை. ‘ஓடினா’ன்னு வர்ற இடம் வரைக்கும் நீ படி. அப்புறம் நான் பேசிக்கறேன்.”

“முப்பத்தஞ்சு வீட்டுக்குமா?”

“கத்திக் கத்திப் படிக்காத. நிதானமாப் படி.”

இருபத்துமூன்றாம் நம்பர் மணியை அடித்தாள். கணக்கு டீச்சர் தலையில் ஈரத்துண்டோடு திறந்தார். எங்களைப் பார்த்தார், அம்மா கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார், எதிரே மூடியிருந்த கதவைப் பார்த்தார்.

“என்னாச்சு, தண்ணி வரலையா?”

“தண்ணி வருது டீச்சர்” என்றாள் அம்மா. “ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும். நின்னு கேக்கறீங்களா, உக்காந்து கேக்கறீங்களா?”